மரச்சிற்பமும் மெருகும்

கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. உளிவேலையைப் பாராட்டியோர் பலர். உளி ஓய்ந்தபின் மரத்தின்மீது எது பூசப்படுகிறது என்பதைப் பேசுவோரைக் காணோம். கடைகளில் நாம் காணும் பிள்ளையார்களில் பெரும்பாலானவை வார்னிஷில் முக்கியெடுத்தவைபோல் பளபளக்கின்றன. அந்தப் படலத்தின் கீழ் வாகையும் தேக்கும் ஒன்றாகிவிடுகின்றன. இது மெருகன்று, மூடாக்கு என்பதே எம் கருத்து.

மேலைநாடுகளில் கையால் புகையிலைச் சுங்கான் கடைவோர் இதில் கறாரானவர்கள். பிரையர் மரக்கிண்ணத்தை முதலில் டிரிப்போலி என்னும் செம்பழுப்புச் சிலிக்காப் பசையிட்ட துணிச்சக்கரத்தில் தேய்ப்பர்; பிறகு நுண்ணிய வெண்பசை; கடைசியில் பிரேசில் பனையோலை தரும் கார்னோபா மெழுகு. அது உருக 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். தேன்மெழுகோ 60ஐச் சற்றே தாண்டியதும் உருகிவிடும். சூடேறும் கிண்ணத்துக்கு முன்னதே பொருந்தும். எபோனைட் வாய்த்தண்டைச் சக்கரத்தில் அழுத்தினால் ரப்பர் கருகும். அதற்குத் தனி நிதானம் வேண்டும். கரடாகச் செதுக்கிய சுங்கானுக்கு டிரிப்போலி ஆகாது. பள்ளங்களில் செம்மண்போல் அடைந்துகொள்ளும்.

நம் சிற்பமோ பள்ளங்களாலேயே ஆனது, சூடேறப்போவதுமில்லை. உப்புத்தாளால் தேய்த்தபின், டர்பென்டைனில் இளக்கிய தேன்மெழுகைத் தூரிகையால் தடவித் துணியால் துடைத்தாலே போதும். கல்வராயன் மலையில் தேனெடுப்போர் இருக்கையில் மெழுகுக்குத் தொலைதூரம் அலையவும் வேண்டாம்.

அரக்கைக் கரைத்துப் பூசும் பிரெஞ்சு பாலிஷ் இதைவிட அழகு என்பார் உண்டு. அழகுதான். அரக்கும் தீங்கற்றது, கரைக்கும் ஸ்பிரிட்டே சிக்கல். அதைக் குடிக்கவொண்ணாததாக்க மெதனால் கலப்பது பழைய வழக்கம். 2024 ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் 65க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சாராயத்தில் இருந்ததும் மெதனால்தான். சிற்பிகளை அத்துயரத்தோடு முடிச்சிடுவது எம் நோக்கமன்று. ஆயினும் அதே ஊரில், அடைத்த அறையில் நாள்முழுதும் அந்த ஆவியைச் சுவாசித்துப் பூசுபவரின் கண்ணும் நரம்பும் எவர் கணக்கிலும் வருவதில்லை. டர்பென்டைனும் அமுதமன்று, திறந்த வெளியில் கையாளவேண்டிய பொருளே. ஆனால் அதை எவரும் சாராயமென்று மயங்கமாட்டார்.

புவிசார் குறியீட்டுடன் விற்கும் ஒவ்வொரு சிற்பத்தின் அடியிலும் மரத்தின் பெயரோடு பூச்சின் பெயரையும் எழுதவேண்டும் என்கிறோம். மெழுகிட்டதற்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம்.