சூத்திரத்துக்கு முன் படம்

உயர்தரத்தில் பௌதிகவியல் கற்க விரும்பும் மாணவர்களே, மின்புலத்தைச் சூத்திரத்திலிருந்து தொடங்குவது தவறென்பது எமது கருத்து. புவியியல் பாடத்தின் 1:50,000 இடவிளக்கப் படத்திலிருந்து தொடங்குங்கள். ஹோட்டன் சமவெளி 2000 மீற்றருக்கு மேல் உயர்ந்தது. ஆயினும் அதன் தட்டையான இடங்களில் சமவுயரக் கோடுகள் ஐதாகவே உள்ளன. உலக முடிவிலோ அவை நெருங்கி நிற்கின்றன. உயரத்தை அழுத்தமெனவும் சாய்வை மின்புலச் செறிவெனவும் கொள்க.

ஏற்றப்பட்ட பொள் கோளக் கடத்தியின் உள்ளே (அங்கு வேறு ஏற்றம் இல்லாதபோது) புலச்செறிவு பூச்சியம். உடனே அழுத்தமும் பூச்சியமென எழுதிப் புள்ளியை இழப்போர் பலர்! அங்கு அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதேயாகும். சமவெளியைப் போல, உயரமுண்டு, சாய்வில்லை.

புலக்கோடுகள் சமவழுத்த மேற்பரப்புக்குச் செங்குத்தாவது ஏன்? மேற்பரப்பின் வழியே ஏற்றத்தை நகர்த்தினால் மின்விசை வேலை செய்வதில்லை. எனவே அத்திசையில் புலத்துக்குக் கூறில்லை.