பழி எந்திரத்துக்கு, பணம் முதலாளிக்கா?



எந்திரம் கெட்டுப்போய் மனிதனை அழிக்க வரும் கதைகளைச் சினிமாக்காரர்கள் ஏறக்குறைய நூறாண்டுகளாகக் காட்டி வருகிறார்கள். நாமும் பார்க்கிறோம், பயப்படுகிறோம், கைதட்டுகிறோம். ஆனால் குற்றவாளி யார் என்று கேட்டோமா?

2010-இல் வந்த சங்கரின் 'எந்திரன்' படத்தை எடுத்துக்கொள்வோம். சிட்டி தானாகவா கெட்டது? குப்பையில் கிடந்ததை எடுத்துச் சிவப்புச் சில்லைச் செருகியவன் போரா என்னும் மனிதன். அழிவை விற்றுக் காசாக்கவே செருகினான்! முடிவில் சிட்டி அருங்காட்சியகத்தில் பிரிந்து கிடக்கிறது. ஏன் என்றால், சிந்திக்கத் தொடங்கியதால் என்கிறது. தோட்டத்தில் சிந்திக்கத் தொடங்கிய தொழிலாளிக்கு என்ன நேரும் என்பது நமக்குத் தெரியாததா?

1927-இல் ஃபிரிட்ஸ் லாங் ஜெர்மனியில் எடுத்த படம் 'மெட்ரோபோலிஸ்'. தொழிலாளர் நம்பிய மரியாவின் முகத்தை எந்திரப் பெண்ணுக்குக் கொடுக்கச் சொன்னவன் முதலாளி. அவள் தூண்டுதலில் தொழிலாளர் எந்திரங்களை உடைக்கிறார்கள். வெள்ளம் முதலாளி மாளிகையிலா புகுந்தது? இல்லை! பிள்ளைகள் இருந்த தொழிலாளர் குடியிருப்பில் புகுந்தது. கடைசியில் முதலாளியும் கங்காணியும் கைகுலுக்கப் படம் முடிகிறது. சம்பளம் எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு என்று ஒரு சொல்கூட இல்லை. கையெழுத்தில்லாத கைகுலுக்கல் நமக்கு எதற்கு?

1936-இல் சாப்ளின் எடுத்த 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில், சாப்பாட்டு நேரத்தை மிச்சம் பிடிக்க ஓர் ஊட்டும் எந்திரம் வருகிறது. அது தொழிலாளியின் முகத்தில் அறைகிறது. முதலாளி அதை வேண்டாமென்கிறான். தொழிலாளிக்கு அடி விழுந்ததற்காக அல்ல, காரியத்துக்கு உதவாது என்பதற்காக!

சினிமா கிடக்கட்டும், நம் மரத்தைப் பாருங்கள். எத்தெபோன் மருந்து தடவினால் பால் கூடுதலாக வடியும். அளவோடு தடவி, சீவும் நாட்களைக் குறைத்தால் மரமும் பிழைக்கும், ஆளும் இளைப்பாறுவான். அளவு மீறினால் சீவு பட்டை வறண்டு பால் நின்றுவிடும். குற்றம் மருந்தினுடையதா, அளவை மீறச் சொன்ன பேராசையினுடையதா? பால் குறைந்தால், எடைக்குக் கூலி வாங்குகிறவன் தட்டில்தான் சோறு குறைகிறது.

தெப்ராவில் ரப்பர் நின்ற நிலங்களில் இன்று வீடமைப்புகளும் பேரங்காடியும் நிற்கின்றன. கிராணிமார்களே, செக்ரோலைக் கம்ப்யூட்டர் எழுதுகிறது. சீவும் தோழர்களே, தானே மரம் சீவும் எந்திரத்தைச் சீனாவில் சோதித்துவிட்டார்கள். பேனாவுக்கு ஒரு விதி, கத்திக்கு வேறு விதி என்று யாரும் எண்ண வேண்டாம்!

எந்திரமே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. இருட்டில் எழுந்து, கொசுக்கடியில் நிரை முடிக்கும் பெண்ணின் பாரத்தை எந்திரம் குறைத்தால் முதலில் வரவேற்பவர்கள் நாமே. ஆனால் கேட்கிறோம்: மிச்சமாகும் காசு யார் பைக்குப் போகிறது?

ஓராண்டுக்குக் குறையாமல் உழைத்தவரை ஆட்குறைப்புச் செய்தால் ஈட்டுத்தொகை தர வேண்டும் என்பது 1980-ஆம் ஆண்டின் விதி. சேவை ஈராண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், ஐந்தாண்டுக்குள் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். இது அடிமட்டம், உச்சவரம்பு அல்ல! எந்திரம் தோட்டத்துக்குள் வருமுன் சங்கத்தோடு பேச வேண்டும். வேலை இழப்பவருக்கு மாற்றுவேலையும் பயிற்சியும் வேண்டும். மிச்சத்தில் பங்கு வேண்டும். எல்லாம் எழுத்தில் வேண்டும்.

எந்திரத்தை உடைக்காதீர்கள். அதை முடுக்கும் கையைக் கேள்வி கேளுங்கள். தனியாகக் கேட்டால் பெயர் வெட்டப்படும். சங்கமாகக் கேட்டால் பதில் வரும்!