முப்பது வயதுவரை இதயம் காத்திருப்பதில்லை

நவம்பர் 14 இந்தியாவில் குழந்தைகள் நாள். உலகெங்கும் நீரிழிவு நாள். நேரு 1889இலும், இன்சுலினைக் கண்டறிந்தோருள் ஒருவரான ஃபிரெடரிக் பாண்டிங் 1891இலும் இதே தேதியில் பிறந்தனர். நம் வளாகங்களில் இரு நாள்களையும் தனித்தனியே கொண்டாடுகிறோம். ஒரு மேடையில் குழந்தைகளைப் பற்றிப் பேச்சு. மறுமேடையில் நடுவயதினரின் சர்க்கரையைப் பற்றிப் பேச்சு. நீரிழிவோடு வாழும் குழந்தைக்குப் பெரும்பாலும் இரு மேடைகளிலும் இடமில்லை.

இவ்வாண்டு இதனை எழுதத் தூண்டியவர் எங்கள் விடுதியில் தங்கிப் பயிலும் முனைவர் பட்ட மாணவி ஒருவர். ஒன்பது வயதில் முதல் வகை நீரிழிவு கண்டறியப்பட்டவர். இப்போது வயது 24. அண்மையில் ஒரு மருத்துவ முகாமில் அவருடைய இரத்த அழுத்தம் உயர்ந்திருப்பது தெரியவந்தது. இதற்கு முன் எப்போது அளந்தார்கள் என்று கேட்டேன். "நினைவில்லை. பதினைந்து ஆண்டுகளாக எல்லாரும் சர்க்கரையை மட்டுமே கேட்டார்கள்" என்றார். அவருடைய அனுமதியோடுதான் இதனை இங்கே பதிவிடுகிறேன்.

பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 20 வயதுக்குட்பட்ட முதல் வகை நீரிழிவினர் இந்தியாவில் ஏறத்தாழ 2,29,000 பேர். உலக நாடுகளுள் இதுவே மிகுதி. இக்குழந்தைகளைக் குறித்துப் பெற்றோருக்கும் மருத்துவருக்கும் உள்ள அச்சங்கள் இரண்டு: சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுதல், கீட்டோ அமிலம் மிகுந்து நினைவிழத்தல். இரண்டுமே சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்க வல்லவை; எனவே அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் அந்நாள்களைக் கடந்துவிட்டால் குழந்தை தப்பிவிட்டது என்று கருதுகிறோமே, அங்கேதான் பிழை நேர்கிறது.

முதல் வகையில் உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தின் பீட்டா உயிரணுக்களை அழித்துவிடுகிறது. எவ்வளவு கவனமாக இன்சுலின் செலுத்தினாலும் சர்க்கரை ஏறி இறங்கவே செய்யும். மிகைச் சர்க்கரை இரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்படுத்துகிறது. சுவரின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அதனை விறைப்பாக்குகிறது. கொழுப்புப் படிய வழி செய்கிறது. சிறுநீரகம் பழுதுபடத் தொடங்கினால் இரத்த அழுத்தமும் உயர்ந்து சேதத்தை விரைவுபடுத்தும். பருவமடையும் காலத்து ஹார்மோன்கள் இன்சுலினின் செயலை எதிர்ப்பதால், கட்டுப்பாடு மிகுதியும் தளர்வது பதின்பருவத்தில்தான். இவற்றுள் எதுவும் வலிப்பதில்லை.

2018இல் லான்செட் இதழில் வெளியான சுவீடன் ஆய்வு, முதல் வகை நீரிழிவுள்ள 27,195 பேரைப் பின்தொடர்ந்தது. பத்து வயதுக்கு முன் நோய் கண்டறியப்பட்டவர்களுக்கு இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு, நோயில்லாத ஒத்த வயதினரைவிட ஏறத்தாழ 30 மடங்கு. இழந்த ஆயுள், பெண்களுக்குச் சராசரியாக 17.7 ஆண்டுகள், ஆண்களுக்கு 14.2 ஆண்டுகள். இளவயதில் மாரடைப்பு மிக அரிது. ஆகவே 30 மடங்கு என்பது ஒப்பீட்டு அளவே, அதனைக் கொண்டு எந்தக் குழந்தையையும் அச்சுறுத்தலாகாது. ஆனால் அனைவர்க்கும் மருத்துவம் கிட்டும் நாட்டிலேயே நிலை இதுவெனில், நம் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கைக்கும் வலுவான சான்று உண்டு. 1983 முதல் 1993 வரை வட அமெரிக்காவில் நடந்த டி.சி.சி.டி. ஆய்வில், 13 முதல் 39 வயதுவரையுள்ள 1,441 பேர் பங்கேற்றனர். ஒரு குழுவினருக்குச் சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தினர். மற்றக் குழுவினருக்கு அக்காலத்து வழக்கமான மருத்துவம். ஆய்வு முடிந்தபின் இரு குழுவினரின் சர்க்கரை அளவும் ஒன்றையொன்று நெருங்கிவிட்டது. இருந்தும் 2005இல் வெளியான தொடராய்வில், முதற் குழுவினரிடம் இதய, இரத்தக் குழாய் நிகழ்வுகள் 42 விழுக்காடு குறைந்திருந்தன. தொடக்க ஆண்டுகளின் கட்டுப்பாட்டை உடல் நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கிறது.

இரண்டாம் வகை இளவயதில் வருவது இன்னும் கடுமையானது. இத்தகைய இளையோரைத் தொடர்ந்து கண்காணித்த அமெரிக்காவின் டுடே ஆய்வில், சராசரி வயது 26ஐ எட்டியபோதே மூன்றில் இரு பங்கினருக்கு உயர் இரத்த அழுத்தமும், பாதிப்பேருக்குக் கொழுப்புக் கோளாறும் இருந்தன.

நம் பொதுநலத் திட்டங்களை இங்கே வைத்துப் பார்ப்போம். பிறப்பு முதல் 18 வயதுவரை ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் உள்ளது. தொற்றா நோய்களுக்கான மக்கள்திரள் பரிசோதனையோ 30 வயதில் தொடங்குகிறது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில், குழந்தை மருத்துவரிடமிருந்து விடைபெற்ற இளைஞரைத் தேடிச் செல்வார் யாருமில்லை. எட்டு வயதில் நோயுற்ற குழந்தை முப்பதை எட்டும்போது, அதன் இரத்தக் குழாய்கள் 22 ஆண்டு நீரிழிவைக் கண்டிருக்கும். இதய இடரைப் பிறந்த ஆண்டிலிருந்து கணக்கிடுவது இவர்களுக்குப் பொருந்தாது. நோய் தொடங்கிய ஆண்டிலிருந்து கணக்கிட வேண்டும் என்பதே என் கருத்து.

இன்சுலினும் சர்க்கரை அளக்கும் பட்டைகளுமே தடையின்றிக் கிடைக்காத இடத்தில் இதயத்தைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் அல்லவா என்று நண்பர்கள் கேட்கின்றனர். கேள்வி நேர்மையானது. ஆனால் முறையாகக் கிடைக்கும் இன்சுலினே இதயத்துக்கும் முதல் காவல். ஒன்றைக் கேட்பது மற்றொன்றைக் கேட்பதே ஆகும். மற்றவற்றுக்குப் பெருஞ்செலவும் இல்லை. குழந்தையின் கைக்கேற்ற பட்டையால் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தம் அளத்தல், முதல் வகையினருக்கு 11 வயது முதல் கொழுப்புப் பரிசோதனை, சிறுநீரில் அல்புமின் பார்த்தல், புகைப்பழக்கம் பற்றி வெளிப்படையாகப் பேசுதல் ஆகியவை போதும். இரண்டாம் வகையெனில் கண்டறிந்த நாளிலேயே இவற்றைத் தொடங்க வேண்டும்.

மாத்திரைகளை அள்ளிக் கொடுப்பதற்காக வாதிடவில்லை. 2017இல் வெளியான ஆடிட் ஆய்வில், 10 முதல் 16 வயதுள்ள 443 பேருக்கு ஸ்டாட்டினும் இரத்த அழுத்த மருந்தும் கொடுத்துப் பார்த்தனர். ஸ்டாட்டினால் கொழுப்பு குறைந்தது. ஆனால் ஆய்வுக் காலத்துக்குள் கழுத்துத் தமனிச் சுவரின் தடிப்பில் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே யாருக்கு, எப்போது மருந்து என்பது மருத்துவர் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டியது. அளந்து பார்க்காமல் அம்முடிவை எவராலும் எடுக்க இயலாது.

பெண் குழந்தைகளைப் பற்றி ஒரு சொல். இளம்பெண்களுக்கு இயல்பாக உள்ள இதயப் பாதுகாப்பை நீரிழிவு பெரிதும் குறைத்துவிடுகிறது. நம் வீடுகளிலோ, திருமணம் தடைப்படும் என்றஞ்சி, பெண்ணின் நோயை மறைக்கிறோம். உறவினர் முன்னிலையில் ஊசி போடத் தயங்கித் தள்ளிப்போடப்படும் ஒவ்வொரு வேளையும் அவளுடைய இரத்தக் குழாயில் கணக்காகிறது.

ஆய்வு வழிகாட்டிகளிடமும் விடுதிக் காப்பாளர்களிடமும் என் வேண்டுகோள் எளியது. உங்கள் மாணவர்களுள் நீரிழிவோடு வாழ்பவர் இருந்தால், அவர் இன்சுலின் செலுத்த நேரமும் மறைவிடமும் குளிர்பதனப் பெட்டியும் உறுதி செய்யுங்கள். வளாக மருத்துவ மையத்தில் அவருக்கு ஆண்டுப் பரிசோதனை ஏற்பாடு செய்யுங்கள். எங்கள் விடுதி மாணவி இப்போது சிகிச்சையில் இருக்கிறார். தேசியப் பரிசோதனைத் திட்டம் அவரைத் தேடி வருவதற்கு இன்னும் ஆறு ஆண்டுகள் உள்ளன.