காவல்காரனுக்குச் சோறு போடுவோம், கையுறையையும் கேட்போம்



மருந்தடித்து வந்ததும் ஒரு குவளைப் பால் குடித்தால் விஷம் முறிந்துவிடும் என்று தோட்டங்களில் ஒரு பேச்சு உண்டு. "நல்லா சாப்பிடுறவனை மருந்து ஒன்னும் செய்யாது" என்று சொல்கிற மண்டோர்களும் இருக்கிறார்கள். பால் விஷத்தை முறிக்காது. சாப்பாட்டுப் பேச்சில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைக் காட்டி மீதியை மறைப்பதுதான் ஆபத்து.

நம் கல்லீரல் பாராக்ஸோனேஸ் என்ற ஒரு என்சைமைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. நல்ல கொழுப்பு என்கிறோமே, அதோடு ஒட்டிக்கொண்டு இது உடம்பு முழுக்கச் சுற்றிவரும். பாராத்தியான் என்ற பூச்சிமருந்து உடம்புக்குள் போனால் பாராக்ஸான் என்ற கொடிய விஷமாக மாறும். அதை உடைப்பதால்தான் இதற்கு இந்தப் பெயர் வந்தது. இரத்தக் குழாயில் கொழுப்பு கெட்டுப் படியாமல் தடுக்கவும் இது உதவுகிறது. ஆக, நெஞ்சுக்கும் இது ஒரு காவல்காரன்.

இந்தக் காவல்காரனை வளர்ப்பதும் வாட்டுவதும் ஓரளவு நம் கையில். சிகரெட் பிடித்தால் இதன் வேகம் குறைகிறது. சம்சு குடித்துக் கல்லீரல் கெட்டால், இதைச் செய்கிற பட்டறையே கெட்டது. காய்ச்சிய எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுகிறோமே, அந்தக் கொழுப்பைச் சாப்பிட்ட சில மணி நேரத்தில் இது இறங்குவதையும் ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். இனிப்புநீர்க்காரர்களுக்கும் இது குறைவு. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர்கள் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு இனிப்புநீர். ஆகவே வீட்டுக்குப் பின்னால் வளர்கிற முருங்கைக் கீரை, கங்கோங், மீன், பழம் போதும். ஒட்டுக்கடைப் பொரியலையும் சீனித் தண்ணியையும் குறையுங்கள். விலை கொடுத்து டானிக் வாங்க வேண்டாம்.

இப்போது மறைக்கப்படும் மீதிப் பாதி. ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிமருந்துக் குடும்பத்தில் சிலவற்றைத்தான் இந்தக் காவல்காரன் உடைப்பான். களைக்கொல்லிகளிடம் இவன் வேலை செல்லாது. 2020 ஜனவரியில் தடை செய்யப்பட்ட பாராகுவாட்டை எவ்வளவு கீரை தின்றாலும் தடுத்திருக்க முடியாது. மேலும், பிறப்பிலேயே ஒருவருக்கு இது பல மடங்கு கூட இருக்கும், இன்னொருவருக்குக் குறைவாக இருக்கும். கைக்குழந்தைகளுக்கு இது மிகக் குறைவு. பெரியவர் அளவுக்கு வரக் காலம் பிடிக்கும். எனவே மருந்துச் சட்டையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள், அதைத் தனியாகத் துவையுங்கள்.

என் கருத்து இதுதான்: சாப்பாடு நம் பொறுப்பு, பாதுகாப்பு நிர்வாகத்தின் பொறுப்பு. ஒன்றைச் சொல்லி மற்றதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மருந்து பெரும்பாலும் தோல் வழியாகத்தான் ஏறுகிறது. ஒழுகுகிற தோம்பு முதுகை நனைத்தால், பால் என்ன செய்யும்? 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுக்க வேண்டிய பாதுகாப்புப் பொருளுக்காக நம் சம்பளத்தில் காசு பிடிக்கக் கூடாது. கிழிந்த கையுறையை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். கோலினெஸ்டெரேஸ் என்பது நரம்பு வேலைக்கு வேண்டிய மற்றொரு என்சைம். இந்தப் பூச்சிமருந்துகள் அதைத்தான் தாக்குகின்றன. இரத்தத்தில் அதை அளக்கலாம். ஆனால் ஆளுக்கு ஆள் அளவு வேறுபடும் என்பதால், மருந்து வேலையில் சேரும் முன்பே ஒரு தடவை அளந்து எழுதி வைத்தால்தான் பிறகு இறங்கியதா என்று தெரியும். மயக்கம் வந்தபின் முதல்முறையாக எடுக்கிற பரிசோதனை பாதிக் கதையைத்தான் சொல்லும்.

நாளைக் காலை பெரட்டில் மருந்து வேலைக்குப் பெயர் கூப்பிட்டால், "என் இரத்தம் எப்போது எடுத்தது, கணக்கு எங்கே?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். ஒருவர் கேட்டால் முணுமுணுப்பு, எல்லாரும் கேட்டால் கோரிக்கை.