சீட்டு மேசை: இரண்டு பலம் இருந்தால் இரண்டையும் சொல்லுங்கள்!



கையில் நல்ல சீட்டு வந்தும் தோற்ற ஆட்டம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. அதுவும் என் வாயாலேயே தோற்ற ஆட்டம். அதைத்தான் இம்முறை சொல்லப் போகிறேன்.

பிரிட்ஜ் புதிதாகப் பழகுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நால்வர் ஆடுவது. எதிரெதிரே அமர்ந்த இருவர் கூட்டாளிகள். ஆளுக்கு 13 சீட்டு. ஆடுமுன் ஏலம் நடக்கும். 6 பிடிக்கு மேல் இன்னும் எத்தனை பிடி எடுப்போம், எந்த இனம் துருப்பு என்று கேட்க வேண்டும். ஏஸுக்கு 4 புள்ளி, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1, மொத்தம் 40. கூட்டாளியின் சீட்டு நமக்குத் தெரியாது. ஏலத்தில் கேட்பதுதான் நாம் அவரோடு பேசும் பேச்சு.

அன்று என் கையில் இருந்தவை இவை:

ஸ்பேட்: ஏஸ், ராணி, ஜாக்கி, 9, 4
ஹார்ட்: ஏஸ், ராஜா, ராணி, 10, 3
டைமண்ட்: 2
கிளப்: ராஜா, 5

19 புள்ளி! வலப்பக்கத்து எதிரி 1 டைமண்ட் கேட்டார். நான் மிடுக்காக 'டபுள்' என்றேன். 'என்னிடம் பலம் உண்டு, உங்கள் இனத்தைச் சொல்லுங்கள்' என்பது அதன் பொருள். இடப்பக்கத்து எதிரி ஒரே தாவாக 5 டைமண்டுக்குப் போய்விட்டார். அவரிடம் இருந்தது 4 புள்ளிதான். ஆனால் டைமண்ட் 5 சீட்டு. எங்களைப் பேசவிடாமல் தடுக்கத்தான் அந்தத் தாவல். என் கூட்டாளி பாஸ் சொன்னார். சுற்று என்னிடம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு 5 ஸ்பேட் என்றேன். கூட்டாளி கையில் ஸ்பேட் ஒன்றே ஒன்று! ஆட்டம் போயிற்று.

கூட்டாளி ஓய்வு பெற்ற தோட்டத்து டிரஸ்ஸர், என்னைவிட மூத்தவர். "நீங்கள் வாயே திறக்கவில்லையே, ஐயா" என்று சிடுசிடுத்தேன். அவர் சீட்டை விரித்துக் காட்டினார். ஹார்ட்டில் ஜாக்கியோடு 4 சீட்டு. "தம்பி, நீங்கள் சொல்லாததை நான் எப்படி அறிவேன்?" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எதிரி கேட்ட டைமண்டையே நானும் '2 டைமண்ட்' என்று கேட்டிருக்க வேண்டும். இது அமெரிக்க ஆட்டக்காரர் மைக் மைக்கேல்ஸ் பெயரால் வழங்கும் முறை. எதிரி டைமண்டோ கிளப்போ கேட்டு, நாம் அதே இனத்தை அடுத்த படியில் கேட்டால், 'என்னிடம் ஸ்பேடும் ஹார்ட்டும் குறைந்தது ஐந்தைந்து உண்டு' என்று பொருள். எதிரி ஸ்பேட் கேட்டிருந்தால், ஹார்ட்டும் கீழ் இனங்களில் ஒன்றும். எதிரி ஹார்ட் கேட்டிருந்தால், ஸ்பேடும் கீழ் இனங்களில் ஒன்றும்.

அப்படிச் சொல்லியிருந்தால் எதிரி 5 டைமண்டுக்குத் தாவினாலும் பயமில்லை. கூட்டாளிக்கு இருந்தது வெறும் 3 புள்ளி. ஆனாலும் ஹார்ட் இருவருக்கும் சேர்த்து 9 சீட்டு, ஸ்பேட் ஒன்றுதான் என்று கணக்குப் போட்டு, துணிந்து 5 ஹார்ட் கேட்டிருப்பார். ஸ்பேட் ஏஸை எடுத்துவிட்டு, இரண்டு ஸ்பேடை அவர் கைத் துருப்பால் வெட்டினால் மற்ற ஸ்பேடுகள் தேறிவிடும். டைமண்டில் ஒன்று, கிளப்பில் ஒன்று போக, 11 பிடி நமக்கே!

"மீண்டும் டபுள் சொல்லியிருக்கலாமே?" என்பீர்கள். சொன்னால் நமக்குத் தண்டனைப் புள்ளி மட்டுமே கிடைக்கும். நம் கையில் இருந்த ஆட்டம் கைநழுவும்.

இதில் நினைவில் கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, புள்ளிகளை அடுத்த சுற்றிலும் சொல்லலாம். இனங்களைச் சொல்ல எதிரி இடம் தரமாட்டான். ஆகவே இனம் முதலில், பலம் பிறகு. எதிரிகள் அடங்கி, கூட்டாளி 2 ஹார்ட் சொன்னால், 19 புள்ளிக்காரர் 4 ஹார்ட்டுக்கு உயர்த்தலாம். இரண்டாவது, நாலும் ஐந்துமாக இருந்தால் இம்முறை வேண்டாம், டபுளே போதும். மூன்றாவது, கூட்டாளியோடு முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ளுங்கள். எதிரிகள் பொருள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அது ஆட்டத்தின் விதி.

இன்று இரவு வீட்டில் நால்வர் கூடினால், மேலே உள்ள சீட்டைப் பிரித்து வைத்து ஒருமுறை ஆடிப் பாருங்கள். பணம் வேண்டாம், பந்தயம் வேண்டாம். தோற்றால் கூட்டாளியைக் குறை சொல்லுமுன், அவருக்குச் சொல்ல வேண்டியதை நாம் சொன்னோமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.