ஏழு நாள் முகாமும் மிச்சமுள்ள 358 நாளும்

போன ஞாயித்துக்கிழமை சாயந்திரம் சென்னையில இருக்கிற என் பள்ளிக்கூட நண்பன் போன் பண்ணினான். அவன் பையன் பதினொன்னாம் வகுப்பு படிக்கிறான். என்.எஸ்.எஸ்.ல சேர்ந்திருக்கானாம். காலாண்டு லீவுல ஏழு நாள் ஏதோ ஒரு கிராமத்துல முகாமாம்.

"அனுப்பவா வேணாமாடா? நீதான் கிராமத்துலயே கெடக்கியே, சொல்லு. அங்க போயி என்னத்தக் கிழிக்கப் போறாங்க? ரெண்டு செடிய நட்டு போட்டோ எடுத்துட்டு வருவாங்க. அந்த ஏழு நாள்ல கெமிஸ்ட்ரியில ரெண்டு பாடத்த முடிச்சிரலாம்."

"அனுப்பு"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு வச்சிட்டேன். மாட்டுக்குத் தண்ணி காட்டுற நேரம். ஆனா ராத்திரி படுத்த பிறகும் அவன் கேட்டது மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டு இருந்துச்சு. அவன் சொன்னதுல பாதி நிஜம். மீதிப் பாதி அவனுக்குத் தெரியாது. ரெண்டையும் எழுதிடலாம்னுதான் இந்தப் பதிவு.

முதல்ல, தெரியாதவங்களுக்கு. என்.எஸ்.எஸ்.னா நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டு வருஷமான 1969-ல, செப்டம்பர் 24-ம் தேதி, 37 பல்கலைக்கழகங்கள்ல 40,000 மாணவர்களோட ஆரம்பிச்சது. பின்னாடிதான் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்துச்சு. பள்ளிக்கூடங்கள்ல ஜே.ஆர்.சி., சாரணர் இயக்கம், பசுமைப் படை, என்.சி.சி.ன்னு இன்னும் பல உண்டு. ஆனா எங்க பக்கம் கிராமத்துக்குள்ள வந்து தங்கி வேலை பாக்குறது என்.எஸ்.எஸ். பசங்கதான். அதனால எனக்குத் தெரிஞ்சதும் அதுதான்.

ஒரு பள்ளிக்கூடத்துப் பிரிவுல 50 பேர். ஒரு பையன் வருஷத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்யணும். அம்பதையும் நூத்தி இருபதையும் பெருக்கிப் பாருங்க. 6,000 மணி நேரம். விவசாயி கணக்குல சொன்னா, எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஆள்னு வச்சா 750 ஆள் வேலை. 750 ஆள் கெடைச்சா எங்க கண்மாய்க்கு வர்ற வரத்துக்கால்வாயை முழுசா சுத்தம் பண்ணிருவோம். அவ்வளவு உழைப்பு ஒரே ஒரு பள்ளிக்கூடத்துல, ஒரு வருஷத்துல இருக்கு. அது எங்க போகுது?

பெரும்பாலும் நாள் கொண்டாடுறதுல போகுது. ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள். ஜூலை முதல் வாரம் வன மகோத்சவம். ஜூலை 11 மக்கள்தொகை நாள். செப்டம்பர் 24 என்.எஸ்.எஸ். நாள். டிசம்பர் 1 எய்ட்ஸ் நாள். ஜனவரி 12 இளைஞர் நாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பேனர், ஒரு பேரணி, ஒரு உறுதிமொழி. பிப்ரவரி பொறந்தா பரிட்சை வந்துரும், அத்தோட வருஷம் முடிஞ்சுது.

இதுல மரம் நடுற கதையை மட்டும் எடுத்துக்குவோம். வன மகோத்சவத்தை 1950-ல ஆரம்பிச்சு வச்சவர் அப்ப மத்திய அமைச்சரா இருந்த கே.எம். முன்ஷி. ஜூலையில மழை பெய்யிற ஊர்களுக்கு அது சரியான நேரம். எங்க சிவகங்கைச் சீமையில ஜூலைங்கிறது ஆனியும் ஆடியும். காத்து அடிச்சு மண்ணைக் கிளப்பிக்கிட்டுப் போகும். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையிலதான். ஆடிக் காத்துல ஒரு கன்னை நட்டுட்டுப் போனா, அது ஐப்பசி வரைக்கும் யாரு தண்ணியில உசிரு பிழைக்கும்? பசங்க மேல தப்பில்ல. காலண்டர் எங்க ஊர்க் காலண்டர் இல்ல, அவ்வளவுதான்.

இப்ப நான் கண்ணால பார்த்த முகாமுக்கு வர்றேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பக்கத்து டவுன்ல இருக்கிற ஒரு ஆண்கள் பள்ளியில இருந்து 25 பசங்க எங்க ஊருக்கு வந்தாங்க. கூட திட்ட அலுவலரா ஒரு வாத்தியார். தொடக்கப் பள்ளியிலதான் தங்கல். முதல் நாள் தொடக்க விழா. பொன்னாடை, மைக் செட்டு, பேச்சு. ஊர்க்காரங்க பத்துப் பேர்கூட வரல. வாத்தியாருக்கு மனசு கஷ்டமாயிருச்சு.

"என்னண்ணே, ஊர்ல யாருக்கும் ஆர்வமே இல்லையே?"

"சார், இது புரட்டாசி. புழுதி விதைப்பு நடக்குது. ஊரே காட்டுல கெடக்கு. மழைக்கு முன்னாடி வெதை மண்ணுக்குள்ள போயாகணும். நீங்க தையில அறுப்பு முடிஞ்சு வாங்க, ஊரே உங்க முன்னாடி உக்காந்திருக்கும்"னேன்.

"தையில எங்களுக்குச் செய்முறைத் தேர்வு வந்துரும்ணே"ன்னார். அவர் கஷ்டம் அவருக்கு.

ரெண்டாம் நாள் கண்மாய்க் கரையில 40 வேம்பும் புங்கனும் நட்டாங்க. அதே கரையில ஒரு சாக்கு பனங்கொட்டையும் ஊனுனாங்க. மூணாம் நாள் கழிப்பறை விழிப்புணர்வுப் பேரணி. கையில அட்டை, வாயில கோஷம். கீழத்தெருவுக்குள்ள போனப்ப ஒரு அக்கா வாசல்ல நின்னுக்கிட்டுக் கேட்டாங்க: "தம்பிகளா, கக்கூஸ் கட்டி அஞ்சு வருஷமாச்சு. உள்ள வந்து பாருங்க. ஊத்துறதுக்குத் தண்ணி எங்கய்யா?"

கோஷம் நின்னுருச்சு. பசங்க வாத்தியாரைப் பாக்குறாங்க, வாத்தியார் என்னைப் பாக்குறாரு.

அந்த இடத்துலதான் முகாம் முகாமா மாறுச்சுன்னு நான் நெனைக்கிறேன். வாத்தியார் நல்ல மனுஷன். அன்னிக்குச் சாயந்திரமே பேரணியை நிறுத்திட்டு, பசங்களை ரெண்டு ரெண்டு பேரா வீடு வீடா அனுப்பினாரு. அறிவுரை ஒண்ணும் சொல்லக் கூடாது, கேட்டு எழுதிக்கிட்டு மட்டும் வரணும்னு கண்டிஷன். ரெண்டு நாள் எழுதினாங்க. கீழத்தெருவுல 32 வீடு. 21 வீட்டுல கழிப்பறைக்குள்ள விறகும் வைக்கோலும் கெடக்கு. காரணம் ஒண்ணுதான். ஊருக்குள்ள மத்த தெருவெல்லாம் குழாய் போயிருச்சு, அந்தத் தெருவுக்குப் போகல. ஊரோட கடைசிக் குழாய் ஏன் எப்பவும் அந்தத் தெருவுக்கே வருதுன்னு உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல.

எனக்கு வெக்கமா இருந்துச்சு. நாப்பது வருஷத்துக்கு மேல இதே ஊர்லதான் இருக்கேன். அந்தத் தெருவுல இருந்து என் வயலுக்கு வேலைக்கு வர்றவங்க பேரெல்லாம் தெரியும். அவங்க வீட்டுல குழாய் இல்லைங்கிற கணக்கு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு தோணவும் இல்ல. பதினாறு வயசுப் பையன் நோட்டுல எழுதிக்கிட்டு வந்து காட்டவேண்டியிருந்துச்சு.

அக்டோபர் 2 எப்பவும் கிராம சபை நாள். காலாண்டு லீவு முகாம் அந்தத் தேதியை ஒட்டியே வரும். பசங்களுக்கு ஓட்டு வயசு ஆகல, வேற ஊரு வேற. அதனால சபையில பேச முடியாது, ஓரமா உக்காந்து பாத்தாங்க. அவங்க எழுதுன கணக்கை நான் எழுந்து படிச்சேன். கொஞ்சம் சத்தம் வந்துச்சு. "வெளியூர்ப் பசங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு ஊர் விஷயத்தைப் பேசறியா"ன்னு என் சொந்தக்காரரே கேட்டாரு. ஆனா தீர்மானத்துல ஏறிருச்சு. நாலு மாசம் கழிச்சு அந்தத் தெருவுல முக்கால்வாசிக்கு குழாய் வந்துச்சு. தெருக் கோடியில ஏழு வீட்டுக்கு இன்னும் வரல. அதையும் சொல்லணும்ல.

முகாம் முடிஞ்சு பசங்க போயிட்டாங்க. கரையில நட்ட 40 கன்னு என்னாச்சு? சித்திரையில எண்ணிப் பாத்தேன், ஒம்பது. மழைக் காலத்துல எல்லாம் தழைச்சு வந்துச்சு. தை வரைக்கும் நல்லா இருந்துச்சு. பங்குனியில தண்ணி ஊத்த ஆளில்ல. ஊருக்காரங்க நாங்க என்ன நெனைச்சோம்? "பள்ளிக்கூடத்துக்காரங்க நட்டது." பள்ளிக்கூடத்துக்காரங்க என்ன நெனைச்சாங்க? "ஊர்ல ஒப்படைச்சுட்டோம்." நடுவுல ஆடு மேஞ்சுது. அதுல என் ஆடும் உண்டு, மறைக்க மாட்டேன்.

பனங்கொட்டை கதை வேற. பனைக்குத் தண்ணி ஊத்த வேண்டியதில்ல. கொட்டை முதல்ல மேல வராது, மண்ணுக்குள்ள கீழ்நோக்கித்தான் இறங்கும், அப்புறமாத்தான் ஓலை எட்டிப் பாக்கும். அதனால ஆடு கண்ணுக்கும் அது படல. ஆனா எங்க ஊர்ப் பொடிப்பசங்க கண்ணுக்குப் பட்டுருச்சு. பொங்கலுக்கு முன்னாடி கொஞ்சத்தைத் தோண்டிக் கிழங்கா அவிச்சுத் தின்னுட்டாங்க. மிச்சம் இருக்கிறது இப்ப ரெண்டு ஓலை விட்டு நிக்குது. அது காய்க்க இன்னும் பதினஞ்சு வருஷம் மேல ஆகும். நட்ட பையனுக்கு அப்ப முப்பது வயசு தாண்டியிருக்கும்.

இதையெல்லாம் அந்த வாத்தியார்கிட்ட அடுத்த வருஷம் ஜூன்லயே போய்ச் சொன்னேன். மனுஷன் கோவிச்சுக்கல. ரெண்டு பேரும் உக்காந்து பேசி சில விஷயம் மாத்தினோம். வேற ஊருக்குப் போகாம அதே ஊருக்கே திரும்ப வர்றதுன்னு முடிவு. ஒரு கிராமத்தைத் தத்தெடுத்து வேலை செய்யணும்னு திட்டத்துலயே இருக்குதாம், நடைமுறையிலதான் வருஷத்துக்கு ஒரு ஊர்னு ஓடுது. புதுசா வர்ற பசங்களுக்கு முதல் வேலை, போன வருஷப் பசங்க நட்டதுல எத்தனை உசிரோட இருக்குன்னு எண்ணுறது. இந்தத் தடவை 20 கன்னுதான். ஒவ்வொண்ணுக்கும் கரையை ஒட்டின ஒரு வீட்டுக்காரர் பொறுப்பு. மாசி பொறந்ததுல இருந்து சனிக்கிழமை சாயந்திரம் நாலு பையன் சைக்கிள்ல வந்து, வீட்டுக்காரங்களோட சேர்ந்து தண்ணி ஊத்திட்டுப் போவான். இந்தச் சித்திரையில எண்ணுனேன். 16 நிக்குது.

நாப்பது நட்டு ஒம்பது. இருபது நட்டு பதினாறு. ஆண்டறிக்கையில எழுதும்போது நாப்பதுதான் பெருசாத் தெரியும். "எத்தனை நட்டீங்க"ங்கிற கட்டத்துக்குப் பக்கத்துல "போன வருஷம் நட்டதுல எத்தனை இருக்கு"ன்னு ஒரே ஒரு கட்டம் சேர்த்தாப் போதும், பாதிப் பிரச்சனை தீர்ந்துரும்ங்கிறது என் அபிப்பிராயம்.

இப்ப என் நண்பனுக்கு வர்றேன். சேவைன்னா டவுன் பையன் வந்து கிராமத்தானுக்கு ஏதோ கொடுத்துட்டுப் போறதுன்னு அவன் நெனைக்கிறான். எங்க ஊருக்கு வந்த 25 பேர்ல பாதிக்கு மேல கிராமத்துப் பசங்கதான். மம்பட்டி பிடிக்க அவங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. டவுன் பசங்களுக்கு அவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க. வகுப்புல கடைசி பெஞ்சுல உக்கார்ற ஒரு பையன், சீமைக்கருவேலத்தை வேரோட எப்படிப் பறிக்கணும்னு முதல் மார்க் வாங்குற பையனுக்குச் சொல்லிக் கொடுத்ததை நான் பார்த்தேன். ஏழு நாளும் அவன் நடையே வேற மாதிரி இருந்துச்சு.

இன்னொண்ணு. சாப்பிட்ட தட்டை அவங்கவங்களே கழுவணும், சமையலுக்கு முறை வச்சு ஒத்தாசை பண்ணணும். ஒரு பையன் சட்டியைத் தேய்ச்சுக்கிட்டே சொன்னான், "பெரியப்பா, எங்கம்மா தினம் இதைத்தான் செய்யிறாங்க, நான் ஒரு நாளும் கவனிச்சதில்ல." இதுக்கு மார்க் கிடையாது. ஆனா எந்த டியூஷன்லயும் இதைச் சொல்லித் தர மாட்டாங்க.

அதனால நண்பா, பையனை அனுப்பு. கெமிஸ்ட்ரி பாடம் எங்கயும் போயிராது. ஆனா முகாம் முடிஞ்சு வந்ததும் "என்ன செஞ்சீங்க"ன்னு கேக்காத. "திரும்ப எப்பப் போறீங்க"ன்னு கேளு. பள்ளிக்கூடத்துல பெற்றோர் கூட்டத்துலயும் அதையே கேளு. வாத்தியாருங்க பாவம், இதைத் தனியாச் சுமக்கிறாங்க. சனிக்கிழமை பசங்க அந்த ஊருக்குப் போயிட்டு வர பஸ் காசுக்கு நாலு பெற்றோர் சேர்ந்தா முடிஞ்சுது.

எங்க ஊரு முகாம் இந்த வருஷமும் புரட்டாசியிலதான். அந்த ஏழு வீட்டுக் கணக்கைப் பசங்க மறுபடி எழுதப் போறாங்க. அக்டோபர் 2-ம் தேதி நான் மறுபடி எழுந்து படிக்கப் போறேன். இந்தத் தடவை கீழத்தெரு அக்காவே எழுந்து படிக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. அதுதான் இன்னும் நல்லது.