கூலண்ட் கேனில் அச்சிடப்படாத சொல்

பெயர்பெற்ற நிறுவனத்தின் நீண்ட ஆயுள் கூலண்ட் உயர்ந்ததா, கடைக்காரர் தம் பெயரிட்டு விற்கும் மலிவான கேன் போதுமா என்னும் வழக்கு ஓய்வதில்லை. ஒரு சாரார் பெயரை நம்புகின்றனர். மறுசாரார், உள்ளே இருப்பது எப்படியும் எத்திலீன் கிளைக்கால்தான், விலை மட்டுமே வேறு என்கின்றனர். இரு சாராரும் கேனில் அச்சிட்டிருப்பதைக் கொண்டே வாதிடுகின்றனர். தீர்ப்புக்கு வேண்டிய சொல்லோ பல கேன்களில் அச்சேறுவதே இல்லை.

கார் நிக்கோபாரில் நின்று பார்ப்போர்க்கு இக்குறை விளங்கும். ஏறத்தாழ 127 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தட்டையான பவளத் தீவு அது. சரக்கு ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (முன்னாள் போர்ட் பிளேர்) கப்பலில் வரவேண்டும். தவறான கேனை வாங்கியவர் மறுநாள் மாற்றிக்கொள்ள முடியாது. அங்கு நீர் உறைவதில்லை. ஆகவே உறைதடுப்பு என்னும் பணிக்கே இடமில்லை. அப்படியானால் வெறும் தண்ணீர் போதாதா? போதாது. அலுமினியத்தாலான ரேடியேட்டரையும் சிலிண்டர் ஹெட்டையும் அரிமானத்திலிருந்து காப்பவை கிளைக்காலோடு கலந்துள்ள தடுப்பான்களே. கேனுக்குக் கேன் உண்மையில் வேறுபடுவதும் அவற்றில்தான். ‘எல்லாம் ஒன்றே’ என்போர் பிழைபடுவது இங்கே.

பழைய வகையில் சிலிகேட், பாஸ்பேட் போன்ற கனிம உப்புகள் உலோகம் முழுவதும் படலமாகப் படிந்து விரைவில் தீரும். அதன் ஆயுள் பெரும்பாலும் இரண்டு ஆண்டு. கரிம அமில வகையோ அரிமானம் தொடங்கும் இடத்தில் மட்டும் வினைபுரிவதால் மெல்லத் தீரும். ‘நீண்ட ஆயுள்’ என்பதன் வேதியியல் அடிப்படை அதுவே. இரண்டையும் கலந்த வகைகளும் உண்டு. ஜப்பானிய உற்பத்தியாளர் பாஸ்பேட்டை ஏற்றுச் சிலிகேட்டைத் தவிர்த்தனர். கடின நீர் மிகுந்த ஐரோப்பாவினர், சுண்ணத்தோடு சேர்ந்து படிவாகும் என்றஞ்சிப் பாஸ்பேட்டைத் தவிர்த்தனர். ஆக, கூலண்டின் உட்பொருளை ஓர் ஊரின் தண்ணீரும் தீர்மானிக்கிறது.

பவளச் சுண்ணப் பாறையில் ஊறிய கார் நிக்கோபாரின் கிணற்றுநீர் கடினமானது. பாஸ்பேட் கலந்த செறிவுக் கூலண்டை அந்நீரில் கரைத்தால், எவ்வளவு புகழ்பெற்ற பெயராயினும் தடுப்பான் படிவாக வீழ்ந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கக்கூடும். கனிமம் நீக்கிய நீரோடு முன்பே கலந்து வரும் மலிவான கேன் அங்கு அதைவிட நன்று. செறிவு வகையே வாங்கினால், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் உடன் வேண்டும். ஒரு லிட்டர் செறிவு இரண்டு லிட்டர் ஆகும் என்பதை மறந்து கேன் விலைகளை ஒப்பிடுவோர் கணக்கிலும் தவறுகின்றனர்.

இத்தகைய செய்தியைச் சொல்லவேண்டிய இடத்தில் கேன் என்ன சொல்கிறது? நிறம் காட்டுகிறது. பச்சை, சிவப்பு, ஆரஞ்சு என்பவை வெறும் இடுகுறிகள். சாயத்துக்கும் தடுப்பானுக்கும் இயைபு உண்டென உறுதிசெய்யும் பொதுத் தரம் ஏதுமில்லை. ஆயினும் சந்தை அவற்றைக் காரணப்பெயர்போல் வழங்குகிறது. வாங்குவோரும் ‘சிவப்பு கொடுங்கள்’ என்கின்றனர். எண்ணெயே இல்லாத திரவத்துக்குக் ‘கூலண்ட் ஆயில்’ என்னும் பெயர் நிலைத்ததும் இவ்வாறே.

ஆயுள் குறித்த எண்ணும் அத்தகையதே. ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஆரஞ்சு நிற டெக்ஸ்-கூலுக்கு 5 ஆண்டு அல்லது 1,50,000 மைல் என்று உறுதியளித்தது. பின்னர் கசிவும் அடைப்பும் குறித்து அமெரிக்காவில் வழக்குகள் எழுந்து இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தன. பெரும்பெயரும் முழுக் காப்பு ஆகாது. 5 ஆண்டில் அத்தொலைவை எட்ட நாள்தோறும் சுமார் 130 கிலோமீட்டர் ஓடவேண்டும். கார் நிக்கோபாரில் அவ்வாறு ஓடுவது எந்தக் கார்? அத்தீவில் ஆண்டுக் கணக்கே பொருளுடையது. மைல் கணக்கு விளம்பரம்.

சட்டமும் இம்மௌனத்துக்கு இடந்தருகிறது. 2011-ஆம் ஆண்டின் பொதியப்பட்ட பொருள்கள் விதிகள் உற்பத்தியாளர் பெயர், பொருளின் பொதுப்பெயர், அளவு, விலை, மாதம், ஆண்டு ஆகியவற்றைக் கேட்கின்றன. தடுப்பான் வகையைக் கேட்பதில்லை. மொழி இந்தியாகவோ ஆங்கிலமாகவோ இருந்தால் போதும். பிற மொழிகள் சேர்க்கலாம், சேர்க்கவேண்டும் என்பதில்லை. எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு. வடித்த பழைய கூலண்டை மண்ணில் ஊற்றினால் நாயும் பன்றியும் நக்கும். பன்றி நிக்கோபாரியரின் செல்வம். அவர்தம் விழாக்களின் நடுநாயகம். அந்த எச்சரிக்கை நிக்கோபாரி மொழியில் இருந்தாக வேண்டும் என எந்த விதியும் கேட்பதில்லை.

நிறுவனப் பெயருக்கு மதிப்பே இல்லையென்பது இதன் பொருளன்று. தொகுதிக்குத் தொகுதி மாறாத தரத்துக்கு அப்பெயர் ஓரளவு பிணை நிற்கும். ஆனால் அது தண்ணீரை அறியாது. வண்டியின் கையேட்டையும் அறியாது. தடுப்பான் வகையும் பாஸ்பேட், சிலிகேட் உண்டா இல்லையா என்பதும் ஐ.எஸ். 5759 போன்ற தர எண்ணும் தெளிவாக அச்சிட்ட கடைப்பெயர்க் கேன், இவற்றை மறைத்து நிறத்தையும் ஆயுளையும் மட்டும் முழங்கும் பெரும்பெயர்க் கேனைவிட நேர்மையானது. இவற்றை அச்சிடக் கட்டாயப்படுத்த ஒரு விதித்திருத்தம் போதும். அதுவரை ‘எது சிறந்தது’ என்னும் வழக்கில் சான்று இல்லை, நம்பிக்கையே உண்டு.